பழைய நாவல் வாங்குவதற்கு முன்

மதுரை தமுக்கம் புத்தகக் கண்காட்சிக்குப் போனால், கல்கியின் நாவலையோ உ.வே.சா.வின் தன்வரலாற்றையோ முதல் கடையிலேயே வாங்கிவிடாதீர்கள். இரண்டு மூன்று கடை ஏறி இறங்கி, அதே நூலின் மற்ற பதிப்புகளையும் புரட்டிப் பாருங்கள். கல்கியின் எழுத்துகள் நாட்டுடைமை ஆனவை, அதாவது அரசு உரிமையை வாங்கி எல்லோருக்கும் பொதுவாக்கியவை. அது இல்லாவிட்டாலும், எழுத்தாளர் இறந்து 60 ஆண்டு கடந்தால் காப்புரிமை முடிந்துவிடும். யாரும் அச்சிடலாம் என்பதால் ஒரே புத்தகம் பல விலையில் கிடைக்கிறது.

விலை மட்டும் போதாது. நடுப்பக்கத்தை நன்றாக விரித்து, ஒட்டு விடுகிறதா, எழுத்து பொடியாக இருக்கிறதா என்று பாருங்கள். ‘பொன்னியின் செல்வன்’ ஐந்து பாகம். பொடி எழுத்தில் அதைப் படிப்பது கண்ணுக்குத் தண்டனை. வாழ்க்கை வரலாறு என்றால், கடைசியில் பெயரடைவு (யார் பெயர் எந்தப் பக்கத்தில் என்ற பட்டியல்) உள்ள பதிப்புக்குக் கொஞ்சம் கூடக் கொடுக்கலாம், தப்பே இல்லை. உ.வே.சா.வின் ‘என் சரித்திரம்’ போல ஆட்கள் நிறைந்த நூலில், முன்பு வந்தவரைத் திரும்பத் தேட அதுதான் கைகொடுக்கும்.

இன்று எழுதுகிறவர்களின் நாவல்களுக்கு இது பொருந்தாது. பெரும்பாலும் ஒரே பதிப்பகம்தான் போடும். பிறமொழி நூல் எவ்வளவு பழையது என்றாலும், புது மொழிபெயர்ப்புக்குத் தனிக் காப்புரிமை உண்டு.