‘நோ மேன்ஸ் லேண்ட்’ இறுதிக்கட்டம்: வாசகர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பேட்மேனின் காத்தம் நகரம் 1998-ஆம் ஆண்டு இதழ்களில் 7.6 ரிக்டர் அளவிலான நிலநடுக்கத்தில் தரைமட்டமாகிறது. அதற்கு முன்பே கொள்ளைநோயால் நலிந்திருந்த ஊர் அது. அதை மீண்டும் கட்டியெழுப்பச் செலவிடுவதைவிடக் கைகழுவிவிடுவதே மேல் என்று முடிவெடுக்கும் அமெரிக்க அரசு, மக்களை வெளியேறச் சொல்லி, பாலங்களைத் தகர்த்து, காத்தம் இனி நாட்டின் பகுதியே அல்ல என்று அறிவித்துவிடுகிறது. வெளியேற முடியாதவர்களும் வெளியேற மறுத்தவர்களும் அந்த இடிபாடுகளில் வாழ்ந்த ஓராண்டின் கதையை, டிசி நிறுவனம் 1999 முழுவதும் தன் பேட்மேன் இதழ்கள் வழியாகச் சொல்லி முடித்தது. அதுதான் ‘நோ மேன்ஸ் லேண்ட்’. அதன் இறுதிக்கட்டமான ‘எண்ட்கேம்’ சூப்பர்ஹீரோ காமிக்ஸ் கண்ட மிகச் சிறந்த முடிவுகளுள் ஒன்று என்பது என் உறுதியான கருத்து. அதே வேளையில், அவசரமாகப் படிக்கப்பட்டு, பேட்மேனின் பரம எதிரியான ஜோக்கர் செய்த இன்னொரு கொலை என்ற அளவில் மட்டும் நினைவில் வைக்கப்படும் முடிவும் அதுவே. முடிவில் நடப்பதை வெளிப்படையாகச் சொல்லாமல் இதை விளக்க முடியாது என்பதால், இன்னும் படிக்காதவர்கள் படித்துவிட்டு வருவது நல்லது.

முதலில், சரியான கதையைத்தான் கையில் எடுத்திருக்கிறோமா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். ‘எண்ட்கேம்’ என்ற பெயரிலேயே 2014-15-இல் ஸ்காட் ஸ்னைடர் எழுதி கிரெக் கபுல்லோ வரைந்த வேறொரு பேட்மேன் கதை இருக்கிறது. அதிலும் ஜோக்கரே எதிரி என்பதால் குழப்பம் எளிதில் நேர்கிறது. நாம் பேசுவது 1999 டிசம்பரில் கடைகளுக்கு வந்து, அட்டையில் 2000 பிப்ரவரி என்று தேதியிடப்பட்ட மூன்று இதழ்களைப் பற்றி: ‘லெஜண்ட்ஸ் ஆஃப் த டார்க் நைட்’ 126, ‘பேட்மேன்’ 574, ‘டிடெக்டிவ் காமிக்ஸ்’ 741. இந்த வரிசையில்தான் அவற்றைப் படிக்க வேண்டும். தொடர் முழுவதுமே இப்படி ஓர் இதழிலிருந்து இன்னொன்றுக்குத் தாவித்தாவிச் செல்வதால், ஏதேனும் ஒரு தலைப்பின் இதழ்களை மட்டும் வரிசையாகப் படிப்பவருக்குக் கதையின் பெரும்பகுதி விடுபட்டுப்போகும். தொகுப்பாக வாங்குவோர் பதிப்பையும் கவனிக்க வேண்டும். முதலில் வந்த ஐந்து தொகுதிகளில் பல இதழ்கள் சேர்க்கப்படவே இல்லை. 2011-12-இல் வெளிவந்த நான்கு தடித்த தொகுதிகளே ஏறக்குறைய முழுமையானவை.

எல்லாவற்றிலும் பெரிய தவறு, அந்த மூன்று இதழ்களை மட்டும் எடுத்துப் படித்துவிட்டு முடிவைப் படித்துவிட்டதாக எண்ணிக்கொள்வது. அப்படிப் படிப்பவருக்குக் கிடைப்பது கைக்குழந்தைகளைக் கடத்தும் ஒரு கொலைகாரனின் கதை மட்டுமே. அந்த ஓராண்டில் என்ன நடந்தது என்பதை அறிந்தால்தான் குழந்தைகள் ஏன் கடத்தப்படுகிறார்கள் என்பதே புரியும். சட்டம் இல்லாத ஊரில் ஒவ்வொரு கும்பலும் சுவரில் வண்ணம் தெளித்துத் தன் எல்லையைக் குறிக்கிறது. காவல் ஆணையராக இருந்த ஜிம் கார்டனின் தலைமையில் எஞ்சியிருக்கும் காவலர்களும் வேறு வழியின்றி அதையே செய்கிறார்கள். பணத்துக்கு மதிப்பில்லாததால் பேட்டரிக்கும் பழத்துக்கும் பண்டமாற்று நடக்கிறது. பேட்மேனின் எதிரிகளில் ஒருவனான பென்குயின் அதில் கொழிக்கிறான். வாஷிங்டன் சென்று காத்தமுக்காக வாதாடித் தோற்ற புரூஸ் வேன், அதாவது முகமூடிக்குப் பின்னால் இருக்கும் பேட்மேன், தொடக்க மாதங்களில் ஊரிலேயே இல்லை. தன்னைக் கைவிட்டுப் போய்விட்டதாகக் கருதும் கார்டன், பேட்மேன் திரும்பி வந்த பிறகும் நெடுநாள் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. இத்தனைக்கும் நடுவில் அந்த ஊரில் பிறந்த குழந்தைகள், அங்கே வாழ்க்கை மீண்டும் தொடங்கிவிட்டது என்பதற்கான சான்று. கிறிஸ்துமஸ் நெருங்கும்போது ஜோக்கர் அழிக்க முனைவது அந்த நம்பிக்கையை.

முழுவதையும் படிக்க நேரமில்லாதவர்கள் ‘லெஜண்ட்ஸ் ஆஃப் த டார்க் நைட்’ 125-ஆம் இதழையாவது தவறவிடக்கூடாது. கிரெக் ருக்கா எழுதி ரிக் பர்ச்செட் வரைந்த அந்த இதழில் சண்டை எதுவும் இல்லை. இரண்டு பேர் பேசிக்கொள்கிறார்கள், அவ்வளவுதான். இழந்த நம்பிக்கையை மீட்பதற்காகத் தன் முகமூடியைக் கழற்றிக் காட்ட பேட்மேன் முன்வருகிறார். கார்டன் பார்க்க மறுத்து முதுகைத் திருப்பிக்கொள்கிறார். இந்தப் பக்கங்களைப் படித்தவருக்கு, அடுத்த இதழ்களில் கார்டனின் கையில் துப்பாக்கி இருக்கும்போது பேட்மேன் எந்த உரிமையில் அவர் அருகே நிற்கிறார் என்பதை யாரும் விளக்க வேண்டியதில்லை.

அடுத்த தவறு கார்டனின் மனைவி சாராவின் மரணத்தைப் பற்றியது. சாரா எசன் கார்டன் என்னும் அவரைக் கதைக்காகக் கொல்லப்பட்ட ஒரு மனைவி என்று மட்டும் சுருக்கிவிடும் வழக்கம் இருக்கிறது. அவர் 1987-இல் ‘பேட்மேன்: இயர் ஒன்’ கதையிலேயே அறிமுகமான காவல் அதிகாரி, இடையில் கார்டனின் இடத்தில் ஆணையராகவும் பொறுப்பு வகித்தவர். காவல் தலைமையகத்தின் அடித்தளத்தில், குழந்தைகளுக்கு நடுவே ஜோக்கர் இருப்பதைக் கண்டுபிடிப்பவரும் அவரே. அங்கே நடப்பதை மெதுவாகப் பார்க்க வேண்டும். சாராவின் துப்பாக்கி ஜோக்கரைக் குறிபார்த்தபடி இருக்கிறது; நிலைமை அவர் கட்டுக்குள் இருக்கிறது. ஜோக்கர் கையிலிருக்கும் குழந்தையை அவரை நோக்கி வீசுகிறான். பிடிக்க இரண்டு கைகளும் வேண்டும். துப்பாக்கியைக் கைவிட்டுக் குழந்தையைப் பிடிக்கிறார். அந்தக் கணத்தில் சுடப்படுகிறார். அவர் ஏமாந்துபோனார் என்றோ வலிமையில் தோற்றார் என்றோ சொல்வது அந்தக் காட்சியைப் படிக்காமலேயே சொல்வதாகும். என்ன நடக்கும் என்று தெரிந்தே அவர் செய்த தேர்வு அது. அதை நிகழ்த்திவிட்டு வெளியே வரும் ஜோக்கரின் முகத்தை ஓவியர் எப்படி வரைந்திருக்கிறார் என்பதையும் நின்று கவனிக்க வேண்டும்: அதில் சிரிப்பு இல்லை. எப்போதும் சிரிப்பவனின் முகத்திலிருந்து சிரிப்பு ஏன் போனது என்பதற்கு எழுத்தாளர்கள் எந்த விளக்கமும் தரவில்லை. தராமல் விட்டது மிகச் சரி என்றே நான் நினைக்கிறேன்.

பிறகு வரும் காட்சியைப் பலர் வேறொரு கதையோடு கலந்து நினைவு கூர்கிறார்கள். ஜோக்கரைக் கொல்லத் துடிப்பவரை இன்னொருவர் தடுத்து நிறுத்தும் புகழ்பெற்ற காட்சி 2002-03-இல் வந்த ‘ஹஷ்’ தொடருக்கு உரியது. அங்கே கொல்லத் துணிபவர் பேட்மேன், தடுப்பவர் கார்டன். ‘எண்ட்கேம்’ முடிவில் முடிவெடுக்க வேண்டியவர் கார்டன் ஒருவரே. சரணடைந்து நிற்கும் ஜோக்கரைக் கொன்றுவிட எல்லாக் காரணங்களும் அவரிடம் இருக்கின்றன; கொல்லாமல் முழங்காலில் சுடுகிறார். இனி தன்னால் நடக்க முடியாமல் போகலாம் என்று அலறும் ஜோக்கருக்கு, 1988-இல் தான் சுட்டு நடக்க முடியாமல் ஆக்கிய பார்பரா, அதாவது கார்டனின் மகள், நினைவுக்கு வருகிறாள். உடனே சிரிக்கத் தொடங்குகிறான். கார்டன் கருணை காட்டினார் என்று இதைப் புரிந்துகொள்வதும் தவறு, பழிவாங்கினார் என்பதும் முழு உண்மை அல்ல. ஓராண்டாகச் சட்டமில்லாத ஊரில் காவலர் என்ற பெயரை விடாமல் வைத்திருந்த மனிதர், சட்டம் திரும்பி வரும் வேளையில் அதை மீறவும் செய்கிறார், முற்றாகக் கைவிடாமலும் இருக்கிறார்.

ஜோக்கரின் நிழலில், சூப்பர்மேனின் எதிரியும் பெரும் தொழிலதிபருமான லெக்ஸ் லூதரை மறந்துவிடுவதும் வாசகர்கள் அடிக்கடி செய்யும் தவறு. காத்தமை மீண்டும் கட்டித்தர முன்வரும் கொடையாளராக லூதர் ஊருக்குள் நுழைகிறார். மக்கள் அவரை நன்றியோடு வரவேற்கிறார்கள். அவருடைய கண் நிலத்தின் மீது இருக்கிறது. உடைமை ஆவணங்கள் இருக்கும் பதிவகத்தை அழிக்க அவர் அனுப்பும் ஆள்தான் பேட்மேனின் இன்னொரு எதிரியான பேன். உரிமையாளர்களின் பத்திரங்கள் இல்லாமல் போனால், இடிபாடுகளில் ஓராண்டு பசித்துக் கிடந்து ஊரைக் காத்தவர்களுக்கு அந்த மண்ணில் ஒரு பிடி கூட மிஞ்சாது. புரூஸ் வேனின் நிறுவனத்தை நடத்தும் லூசியஸ் ஃபாக்ஸ் வழியாக அந்தத் திட்டம் முறியடிக்கப்படுகிறது. பேரழிவுக்குப் பிறகு நிலம் யாருக்குப் போய்ச் சேர்கிறது என்ற கேள்வியை ஒரு சூப்பர்ஹீரோ தொடர் தன் முடிவில் வைத்திருக்கிறது என்பதைக் கவனிக்காமல், ‘ஷெல்கேம்’ என்ற அந்தப் பகுதியை வெறும் இடைச்செருகலாகப் புரட்டிச் செல்பவர்களைப் பார்க்கும்போது வருத்தமாக இருக்கிறது. அதன் விளைவு தொடருக்கு வெளியேயும் நீள்கிறது: காத்தமைக் கட்டியெழுப்பியதால் கிடைத்த நற்பெயர், 2000-ஆம் ஆண்டுக் கதைகளில் லூதர் அமெரிக்க அதிபர் தேர்தலில் வெல்ல உதவுகிறது.

2012-இல் வந்த ‘த டார்க் நைட் ரைஸஸ்’ திரைப்படத்தைப் பார்த்துவிட்டு, அதுதான் இந்தக் கதை என்று எண்ணிவிடவும் கூடாது. பாலங்கள் தகர்க்கப்பட்டுத் தனித்துவிடப்பட்ட நகரம் என்ற சூழல் இரண்டுக்கும் பொது. படத்தில் நகரத்தைப் பிணையாகப் பிடித்து வைப்பவன் பேன். காமிக்ஸில் அதைத் துண்டித்து எறிவது அதன் சொந்த அரசு.

கடைசியாக, 741-ஆம் இதழோடு நிறுத்திக்கொள்ளக்கூடாது. ‘ஷேடோ ஆஃப் த பேட்’ 94-ஆம் இதழே தொடரின் பின்னுரை. அந்தத் தலைப்பின் கடைசி இதழும் அதுதான். அதற்குப் பிறகு ருக்கா எழுதிய ‘டிடெக்டிவ் காமிக்ஸ்’ 742-இலிருந்து தொடர்வது நல்லது. ஊரிலேயே கிடந்து தாக்குப்பிடித்தவர்களுக்கும், வெளியேறிவிட்டுப் பாலங்கள் திறந்ததும் திரும்பி வந்தவர்களுக்கும் இடையே எழும் கசப்பு அங்கே பேசப்படுகிறது. இடிபாடுகளுக்கு நடுவே காவல் அதிகாரி ரெனே மோன்டோயாவுக்கும் பேட்மேனின் எதிரியான டூஃபேஸுக்கும் இடையே உருவான உறவு எங்கே போய் முடிகிறது என்பதை அறிய விரும்புவோர், ருக்காவும் எட் புரூபேக்கரும் சேர்ந்து எழுதிய ‘காத்தம் சென்ட்ரல்’ தொடரில் ‘ஹாஃப் எ லைஃப்’ கதை வரை செல்ல வேண்டும்.