ஆங்கிலக் குடும்பப் பெயரின் வரலாற்றைத் தேடுவது எப்படி?

பெங்களூரு கண்டோன்மென்ட் பகுதியில் தலைமுறைகளாகக் குடியிருக்கும் தமிழர்களுக்கு ஆங்கிலக் குடும்பப் பெயர்கள் முகவரியிலேயே கலந்தவை. காக்ஸ் டவுன், பிரேசர் டவுன், மர்பி டவுன் என்று நாம் நாள்தோறும் சொல்லும் பெயர்கள் எல்லாம் யாரோ ஒருவரின் குடும்பப் பெயர்களே. பக்கத்து வீட்டு ஆங்கிலோ இந்தியக் குடும்பத்தின் பெயரோ, நம் சொந்தப் பெயரின் பின்னால் நிற்கும் பெயரோ எங்கிருந்து வந்தது என்று அறிய விரும்புவோர், பெரும்பாலும் முதல் வேலையாக அதன் பொருளை இணையத்தில் தேடுகிறார்கள். அதைக் கடைசியில்தான் செய்ய வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. ஒரு பெயரின் பொருளைத் தீர்மானிப்பது அந்தக் குடும்பம் வாழ்ந்த ஊர். ஊரைக் கண்டுபிடிக்காமல் பொருளுக்குப் போவது வீண்.

முதலில், அது ஆங்கிலப் பெயர்தானா என்று பாருங்கள். பிரேசர் ஸ்காட்லாந்துப் பெயர். மர்பி அயர்லாந்தின் மொழியில் பிறந்தது. 1834 முதல் 1861 வரை மைசூர் கமிஷனராக இருந்த மார்க் கப்பன், இங்கிலாந்துக்கும் அயர்லாந்துக்கும் இடையே உள்ள மான் (Man) தீவுக்காரர். பெயரும் அத்தீவுக்கே உரியது. கோலார் தங்கவயலை 1880 முதல் ஜான் டெய்லர் நிறுவனம் நடத்தத் தொடங்கியபோது, சுரங்க வேலை தெரிந்தவர்கள் இங்கிலாந்தின் தென்மேற்கு முனையான கார்ன்வாலிலிருந்து வந்தார்கள்; ட்ரெ, போல், பென் என்று தொடங்கும் அவர்களுடைய பெயர்கள் பலவற்றின் வேர் அப்பகுதியின் பழைய மொழியான கார்னிஷில் இருக்கிறது. வேல்ஸ் நாட்டுப் பிரைஸ் என்பது ‘அப் ரீஸ்’, அதாவது ரீஸின் மகன். நம்மிடம் இனிஷியல் தலைமுறைக்குத் தலைமுறை மாறுவதைப் போலவே வேல்ஸ் மக்களிடமும் தந்தை பெயர் மாறிக்கொண்டே வந்ததால், அங்கே நிலையான குடும்பப் பெயர் மிகத் தாமதமாகவே வேரூன்றியது.

இங்கிலாந்திலோ, 1066இல் பிரான்சிலிருந்து நார்மானியர் படையெடுத்து வருவதற்கு முன் பெரும்பாலோருக்கு ஒற்றைப் பெயர்தான் இருந்தது. நிலவுடைமையாளர்களிடம் தொடங்கிய குடும்பப் பெயர் வழக்கம் மெல்லப் பரவி, ஏறத்தாழ 1400 வாக்கில் பெரும்பாலான குடும்பங்களில் நிலைத்துவிட்டது. ஊர், தொழில், தந்தை பெயர், பட்டப்பெயர் ஆகிய நான்கும் அவற்றின் முக்கியப் பிறப்பிடங்கள். ஒயிட்பீல்டுக்குப் பெயர் தந்த டி.எஸ். ஒயிட்டின் குடும்பப் பெயர் நான்காம் வகை; வெளிர்ந்த முடியோ நிறமோ கொண்டவருக்கு ஊரார் வைத்த அடையாளம் அது.

ஊர் ஏன் முக்கியம் என்பதற்குக் கம்பளித் தொழிலே நல்ல சான்று. நெய்து எடுத்த கம்பளித் துணியை நீரில் ஊறவைத்து, காலால் மிதித்து, இழைகள் ஒன்றோடொன்று இறுகும்படி செய்பவரைத் தென்கிழக்கு இங்கிலாந்தில் ஃபுல்லர் என்றும், தென்மேற்கில் டக்கர் என்றும், வடக்கில் வாக்கர் என்றும் அழைத்தார்கள். தொழில் ஒன்று, பெயர் மூன்று. இதற்கு நேர்மாறாக, பென்சன் என்ற ஒரே பெயருக்கு இரண்டு தோற்றங்கள் உண்டு: பெனடிக்ட் என்பதன் சுருக்கமான பென் என்பவரின் மகன் என்பது ஒன்று, ஆக்ஸ்ஃபோர்டுஷயரில் உள்ள பென்சன் என்ற ஊரிலிருந்து வந்தவர் என்பது மற்றொன்று. எந்தப் பென்சன் நம்முடையவர் என்பதை அகராதி சொல்லாது, பதிவேடுதான் சொல்லும்.

ஆகவே வீட்டில் தொடங்கிப் பின்னோக்கி நடக்க வேண்டும். மூத்தவர்களிடம் இருக்கும் திருமணச் சான்றிதழ், குடும்ப வேதாகமத்தின் முதல் பக்கத்தில் எழுதிய பிறந்த தேதிகள், ஓசூர் சாலைக் கல்லறைத் தோட்டத்துக் கற்கள் ஆகியவற்றைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். அடுத்தது தேவாலயம். பிரிட்டிஷ் ஆட்சிக் காலத்துத் தேவாலயங்களின் ஞானஸ்நான, திருமண, அடக்கப் பதிவுகளின் நகல்கள் லண்டனுக்கு அனுப்பப்பட்டன. அவை இன்று பிரிட்டிஷ் நூலகத்தின் இந்தியா ஆபீஸ் ஆவணங்களில் உள்ளன. பெங்களூருக்கான பதிவுகளைச் சென்னை மாகாணத் தொகுதியில் பார்க்க வேண்டும். மைசூர் என்று தேடி ஏமாறுபவர்கள் உண்டு. ஃபிபிஸ், ஃபேமிலிசர்ச் தளங்களில் இலவசமாகத் தேடலாம். மூலப் பக்கங்களின் படங்கள் கட்டணத் தளமான ஃபைண்ட்மைபாஸ்டில் கிடைக்கும். முன்னோர் சிப்பாயாக வந்திருந்தால், லண்டன் கியூவில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தின் படைவிலகல் தாள்களில் அவர் பிறந்த பங்கின், அதாவது தேவாலய வட்டாரத்தின், பெயரே எழுதப்பட்டிருக்கக்கூடும்.

ஊர் தெரிந்துவிட்டால் பாதை திறந்துகொள்ளும். 1837 ஜூலை 1 முதல் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் அரசுப் பிறப்பு, இறப்பு, திருமணப் பதிவு உண்டு. 1851 முதல் மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ஒவ்வொருவரும் பிறந்த ஊர் கேட்கப்பட்டது. அதற்கும் முந்தைய காலத்துக்கு, 1538இல் எட்டாம் ஹென்றியின் அமைச்சர் தாமஸ் கிராம்வெல் ஆணையிட்டுத் தொடங்கிய பங்குப் பதிவேடுகளே துணை.

அந்தப் பழைய பக்கங்களை வாசிக்கும்போது மூன்று இடங்களில் நிதானம் வேண்டும். பழைய பதிவுகள் பல லத்தீனில் இருப்பதால் வில்லியம் ‘குலியெல்முஸ்’ என்றும் ஜேம்ஸ் ‘ஜகோபுஸ்’ என்றும் தென்படுவார்கள். 1752க்கு முன் இங்கிலாந்தில் ஆண்டு மார்ச் 25இல் பிறந்தது. எனவே பிப்ரவரி 1720 என்று எழுதியிருந்தால் நம் கணக்கில் அது 1721. எழுத்துக்கூட்டலோ எழுதியவரின் காதைப் பொறுத்தது. குக் என்ற பெயரின் இறுதியில் ஓர் எழுத்து கூடுவதையும் குறைவதையும் வைத்து இரண்டு குடும்பங்கள் என்று முடிவு கட்டாதீர்கள். ஒரே தகப்பனின் பிள்ளைகளே இரண்டு விதமாகப் பதிவாகியிருக்கக்கூடும்.

நம் தமிழ்க் கிறிஸ்தவக் குடும்பங்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ஞானஸ்நானத்தின்போது மிஷனரியின் பெயரையோ ஞானத்தகப்பனின் பெயரையோ ஏற்றுக்கொண்டவர்கள் உண்டு. அப்படியானால் பெயரின் வரலாறு இங்கிலாந்துக்குப் போகும், குடும்பத்தின் வரலாறு வடஆற்காட்டுக்கோ சேலத்துக்கோ போகும். இரண்டும் மதிப்புள்ளவையே, ஆனால் ஒன்றின் தாளை மற்றொன்றோடு ஒட்டிவிடக் கூடாது. பெரியவர் ஒருவர் ஞானஸ்நானம் பெற்ற பதிவில் பழைய பெயரும் புதிய பெயரும் அருகருகே இருந்தால், அந்த ஒரு வரியை எல்லாவற்றுக்கும் மேலாகப் பாதுகாத்து வையுங்கள்.

இப்போது பொருளுக்கு வரலாம். 45,000க்கும் மேற்பட்ட பெயர்களைக் கொண்டு 2016இல் வெளிவந்த ஆக்ஸ்ஃபோர்டு குடும்பப் பெயர் அகராதி, பெயர்களின் பழைய பதிவுகளை ஆண்டோடும் மாவட்டத்தோடும் தருகிறது. அந்த மாவட்டத்தை நீங்கள் கண்டுபிடித்த ஊரோடு ஒப்பிட்டு, பொருந்தும் விளக்கத்தை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். குடும்பச் சின்னம் என்று சட்டமிட்டு விற்கும் கேடயப் படங்களுக்குப் பணம் கொடுக்க வேண்டாம். இங்கிலாந்தில் அச்சின்னம் தனிமனிதருக்கு வழங்கப்பட்டு அவருடைய வாரிசுகளுக்குச் சேர்வது. அதே பெயர் கொண்ட மற்றவர்களுக்கு அதில் உரிமை இல்லை.