ஆற்றங்கரை நிலம் அடியில்தான் கரைகிறது: தென்பெண்ணைக் கரையோரத்தார் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கிருஷ்ணகிரி மாவட்டத்தில், காவேரிப்பட்டணத்துக்குக் கீழே தென்பெண்ணைக் கரையில் எங்களுக்கு ஒரு மாந்தோப்பு இருக்கிறது. பெங்களூராவும் செந்தூராவும் கலந்து வைத்தது. ஆற்றோரமாக வரிசையில் 11 தென்னை நின்றன. இப்போது 4 நிற்கின்றன. ஃபெஞ்சல் புயலுக்குப் பிறகு 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டரும் அரூரில் 33 சென்டிமீட்டரும் மழை கொட்டியது நினைவிருக்கும். அந்த வெள்ளத்தில்தான் அப்பா கட்டிய கல் சுவரும் ஏழு தென்னையும் போயின.

வெள்ளம் சுழித்து ஓடிய இரண்டு நாளும் சுவர் அசையவில்லை. கும்பிட்டுவிட்டு வீட்டுக்கு வந்தோம். தண்ணீர் வடிந்து, வெயிலும் அடித்த மூன்றாம் நாள் மத்தியானம், சுவர் நின்ற நிலையிலேயே ஆற்றுப் பக்கம் சாய்ந்து விழுந்தது. அது ஏன் அன்றைக்கு விழுந்தது என்று புரிந்துகொள்ள எனக்குப் பல மாதம் ஆயிற்று. அது புரிந்தால் கரையோரம் நாம் செய்யும் பெரும்பாலான தவறுகள் தாமாகவே கண்ணில் படும்.

கரை இடியும்போது நமக்குத் தெரிவது மேல் விளிம்பு மட்டும். ஆனால் வேலை நடப்பது அடியில். வெள்ளத்தில் ஓட்டத்தின் வேகம் இரண்டு மடங்கானால், மண்ணை உரசி இழுக்கும் விசை ஏறத்தாழ நான்கு மடங்காகும். அந்த இழுப்பு கரையின் பாதத்தில் இருக்கும் மணலையும் சரளையையும் தோண்டி எடுத்துவிடும். மேலே இருக்கும் செம்மண் கொஞ்ச நாள் அந்தரத்தில் நிற்கும். இது முதல் காரணம். இரண்டாவது, வெள்ளம் நிற்கும்போது கரை மண் பஞ்சு போலத் தண்ணீர் குடித்துக் கனத்துவிடுகிறது. ஆற்றில் தண்ணீர் இருக்கும்வரை அதன் எதிர் அழுத்தம் கரையைத் தாங்கிப் பிடிக்கும். அணையில் மதகை இறக்கினால் ஆற்று மட்டம் மளமளவென்று குறையும். மண்ணுக்குள் இருக்கும் தண்ணீர் அந்த வேகத்தில் வெளியேறாது. தாங்கிப் பிடித்த கை விலகிவிட்டது, பாரமோ உள்ளேயே இருக்கிறது. அதனால்தான் மூன்றாம் நாள் விழுகிறது. கிருஷ்ணகிரி அணைக்குக் கீழே இருப்பவர்கள் திறப்பு எச்சரிக்கையைப் பார்ப்பது போலவே மூடிய பிறகான நான்கைந்து நாளையும் பார்க்க வேண்டும். அந்த நாட்களில் விளிம்பருகே மாட்டைக் கட்டாதீர்கள். மோட்டார் எடுக்க இறங்காதீர்கள்.

சுவர் கட்டுவதில் நடப்பவை

எங்கள் சுவரைப் பார்த்து, பக்கத்துத் தோட்டத்துப் பெரியவர் கட்டும்போதே கேட்டார்: "சுவரு நல்லாத்தான் இருக்குது தம்பி. அது எதும்மேல நிக்குது?" அப்பா மூன்றடி கடைக்கால் எடுத்திருந்தார். வீட்டுக்கு அது போதும். ஆறு ஒரே வெள்ளத்தில் அதற்கு மேலும் பறித்துவிடும். சுவரின் கடைக்கால் ஆறு தோண்டும் ஆழத்துக்குக் கீழே இறங்க வேண்டும். அந்த ஆழம் எவ்வளவு என்பது இடத்துக்கு இடம் மாறும். வெள்ளம் வடிந்ததும் உங்கள் கரையோர மடுவில் கயிற்றில் கல்லைக் கட்டி இறக்கிப் பாருங்கள். குறைந்தபட்சமாகவாவது தெரியும். மடு பாதி தூர்ந்த பிறகுதான் நாம் அளக்கிறோம் என்பதால், அசல் ஆழம் அதைவிடக் கூடுதலாகவே இருந்திருக்கும்.

இரண்டாவது தவறு, சுவரில் நீர் வடியத் துளை விடாதது. துளை விட்டால் மண் போய்விடும் என்று கொத்தனார் பூசிவிட்டார், நாங்களும் சரி என்றோம். உண்மையில் துளை விட்டு, அதன் பின்புறம் ஜல்லியும் மணலுமாக ஒரு வடிகட்டி அடுக்கு வைத்திருந்தால் தண்ணீர் மட்டும் போயிருக்கும், மண் நின்றிருக்கும்.

மூன்றாவது, சுவரை நம் வேலியோடு நிறுத்துவது. சுவர் முடியும் இடத்தில் ஓட்டம் சுழன்று பக்கத்து மண்ணைக் கடிக்கும், பிறகு சுவரின் முதுகுப் பக்கமாக உள்ளே நுழையும். இரு முனைகளையும் கரைக்குள் வளைத்துக் கொண்டுபோய்ப் புதைக்க வேண்டும். இன்னும் நல்லது, வளைவு முழுவதற்கும் அடுத்தடுத்த நிலத்துக்காரர்கள் சேர்ந்து செய்வது. ஆறு பட்டா எல்லை பார்த்து அரிப்பதில்லை.

சுவரே வேண்டாம் என்பதுதான் இப்போது என் எண்ணம். கருங்கல்லைச் சரிவில் அடுக்குவது ஆற்றோடு ஒத்துப்போகிறது. கரை அடியில் ஒரு பள்ளம் எடுத்துப் பெரிய கற்களை நிரப்பிவிட்டால், ஆறு பாதத்தைத் தோண்டும்போது அந்தக் கற்கள் தாமே உருண்டு குழியில் இறங்கி அதை மூடிக்கொள்ளும். சுவருக்கு அந்த நெளிவு கிடையாது, முறிந்துதான் விழும். நம் மாவட்டத்தில் கிரானைட் குவாரிகளின் கழிவுக் கல் கிடைப்பது பெரிய வசதி. முனையும் மூலையுமாக உடைந்த கல் ஒன்றோடொன்று பூட்டிக்கொள்ளும். ஆற்றிலிருந்து பொறுக்கிய உருண்டைக் கல் உருண்டே போகும். இரண்டு பேர் கடப்பாரை போட்டுப் புரட்ட வேண்டிய அளவு கல் அடியில் இருக்கட்டும். கல்லுக்குக் கீழே சரளை அடுக்கு இல்லாமல் வெறும் மண்மீது அடுக்கினால், இடுக்கு வழியாக மண் கசிந்து வெளியேறி, கல் மட்டும் உட்கார்ந்துவிடும்.

விட்டுக்கொடுக்க மனம் வராதது

எல்லாவற்றிலும் செலவு வைத்த தவறு எங்களுக்கு இதுதான். செங்குத்தாக வெட்டுண்ட 15 அடிக் கரையை அப்படியே வைத்துக் காப்பாற்ற முடியாது. ஓரடி உயரத்துக்கு ஒன்றரை அடி என்று சாய்வாகச் செதுக்கினால்தான் மண் நிற்கும். அதற்கு உள்ளே 22 அடிக்கு மேல் நிலம் போகும். தாத்தா சம்பாதித்த நிலத்தில் 22 அடியை நாமே வெட்டிவிட யாருக்குக் கை வரும்? அப்பாவுக்கு வரவில்லை. நான் அவரைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அந்த 22 அடியைக் காக்கப் போய், இரண்டு வெள்ளத்தில் 30 அடிக்கு மேல் இழந்தோம், கூடவே சுவருக்குப் போட்ட பணமும்.

பலர் இதற்கு நேர்மாறாக, ஜேசிபி வைத்து ஆற்று மணலையே வாரிக் கரைமேல் கொட்டுகிறார்கள். அனுமதியில்லாமல் ஆற்று மணலைத் தொடுவது குற்றம் என்பது ஒரு பக்கம். கரையின் பாதத்தை நாமே தோண்டி, அதைத் தலையில் ஏற்றுகிறோம் என்பது இன்னொரு பக்கம். இறுகாத மண் முதல் வெள்ளத்திலேயே கரைந்துவிடும். வீடு இடித்த கட்டடக் கழிவு, பழைய டயர், வெயிலில் நைந்துபோகும் பிளாஸ்டிக் மூட்டை எல்லாம் இந்தக் கணக்கில்தான் சேரும். ஆற்றுக்குள் கல்லை நீட்டி ஓட்டத்தைத் திருப்பி விடுவதும் வேண்டாம், அது எதிர்க்கரைக்காரரின் வயலைப் போய் அறுக்கும்.

மரமும் புல்லும்

தென்னை கரையைக் காக்கும் என்று நம்பித்தான் நட்டோம். தென்னையின் வேர் பெரும்பாலும் மேல் நான்கைந்து அடி மண்ணிலேயே பரவுகிறது. 15 அடிக் கரையின் பாதத்துக்கு அது எட்டாது. மேலே பாரமும், காற்றில் ஆடும் ஆட்டமும்தான் மிச்சம். விளிம்புக்கு உயரமான மரம் பொருந்தாது. நீர்மருது, புங்கன் போன்றவை சற்று உள்ளே தள்ளி இருக்கட்டும். சரிவில் நொச்சியும் நாணலும் நன்றாகப் பிடிக்கும். நாணலை 'காடு மண்டுது' என்று தீ வைத்துவிட்டு, பிறகு கரை போயிற்றே என்று அழுவது நம் ஊரில் வழக்கமாகிவிட்டது. சீமைக்கருவேலத்தை அகற்றுவதானாலும் கோடையில் பகுதி பகுதியாக வெட்டி, உடனே வேறு செடி வையுங்கள். மழைக்கு முன் ஒரேயடியாக வேரோடு பிடுங்கினால் கரை நிர்வாணமாக நிற்கும்.

வெட்டிவேர் நல்ல மண்ணில் முதல் ஆண்டிலேயே 2 முதல் 3 மீட்டர் ஆழம் இறங்கும். இதைக் கேட்டுவிட்டு மேல் விளிம்பில் ஒரே ஒரு வரிசை நட்டுவிட்டு இருப்பவர்கள் உண்டு. சரிவுக்குக் குறுக்கே, மீட்டருக்கு ஒரு வரிசையாக, அரையடிக்கும் குறைவான இடைவெளியில் நெருக்கி நட வேண்டும். ஆனி மாத மழையில் நட்டால் ஐப்பசி வெள்ளத்துக்குள் பிடித்துவிடும். புரட்டாசியில் நட்டது ஆற்றோடு போகும். நிழலில் இது தேறாது, மரத்தடியில் நட்டு வீணாக்காதீர்கள். வேர் பிடிக்கும்வரை தென்னை நார் விரிப்பைச் சரிவில் போர்த்திவிடலாம். ஆனால் பாதத்தில் கல் இல்லாமல் புல்லை மட்டும் நம்புவதும் தவறுதான்.

மேலே நாம் விடும் தண்ணீரும் ஆற்றுக்குத் துணைபோகிறது. விளிம்பருகே பாத்தி கட்டிப் பாய்ச்சக் கூடாது. விளிம்புக்கு நாலடி உள்ளே நீளவாக்கில் வெடிப்பு தெரிந்தால் அன்றே களிமண் போட்டு இடித்து மூடி, மழைநீர் உள்ளே இறங்காமல் சிறு வரப்பு போடுங்கள். தோப்பு மழைநீரைக் கரைமேல் வழியவிடாமல் குழாயில் பாதம்வரை இறக்க வேண்டும்.

காகிதத்தில் செய்யும் தவறு

வேலை தொடங்குமுன் புலப்படத்தை வாங்கி சர்வேயரை வைத்து அளந்துவிடுங்கள். உங்கள் பட்டா எங்கே முடிகிறது, ஆற்றுப் புறம்போக்கு எங்கே தொடங்குகிறது என்பது தெரியாமல் கட்டினால், நல்ல சுவரும் ஆக்கிரமிப்பாகிவிடும். ஆற்றுக்குள் வேலை என்றால் நீர்வளத் துறை அனுமதி வேண்டும். ஏரியோரம் மனை பார்ப்பவர்கள், ஏரி நிரம்பிக் கோடி போகும் (வழிந்தோடும்) தண்ணீர் எந்த வழியில் போகிறது என்று ஊர்ப் பெரியவர்களைக் கேளுங்கள். ஊத்தங்கரையில் நிரம்பி வழிந்த ஏரித் தண்ணீர் சாலையில் பாய்ந்து, நின்றிருந்த வண்டிகளை இழுத்துப்போனதை எல்லோரும் பார்த்தோம். தனி மனு கொடுப்பதைவிட, வளைவு முழுவதும் உள்ளவர்கள் கையெழுத்துப் போட்டு விவசாயிகள் குறைதீர் கூட்டத்தில் கொடுப்பது எடுபடுகிறது.

கடலோரம் மனை வாங்கும் நம் ஊர்க்காரர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். அங்கும் இதே பாதம்தான். செங்குத்துச் சுவரில் மோதித் திரும்பும் அலை சுவரின் அடி மணலையே வாரிப் போகும். உமரிச் செடி முளைக்கும் உவர் சதுப்பு அலையின் வேகத்தைக் குறைத்து உள்நிலத்தைக் காக்கிறது. உலகக் கடல் மட்டம் 1901 முதல் 2018 வரை சுமார் 20 சென்டிமீட்டர் உயர்ந்திருக்கிறது. அதற்கு ஈடுகொடுக்க அந்தச் சதுப்புக்கு ஆறு கொண்டுவரும் வண்டல் வேண்டும், பின்வாங்க இடமும் வேண்டும். பின்னால் சுவர் கட்டினால் இடம் போயிற்று. நம் ஒகேனக்கல்லில் விழும் காவிரியின் வண்டலை 1934 முதல் மேட்டூர் அணை பெருமளவு பிடித்து வைத்துக்கொள்கிறது. அதே காவிரியின் கடைமடையில்தான் முத்துப்பேட்டைச் சதுப்பு இருக்கிறது.

எங்கள் தோப்பில் 2025 ஆனியில் கரையைச் சாய்வாகச் செதுக்கி, பாதத்தில் கல் போட்டு, ஏழு வரிசை வெட்டிவேர் வைத்தோம். பக்கத்துத் தோட்டத்துப் பெரியவரும் தன் பக்கம் சேர்த்துக்கொண்டார். விளிம்பிலிருந்து அளந்து மூன்று இடத்தில் கல் முளை அடித்திருக்கிறோம். ஒவ்வொரு வெள்ளத்துக்குப் பிறகும் அப்பா டேப்பைப் பிடிக்க, நான் நோட்டில் எழுதுகிறேன். நடு முளைக்கும் விளிம்புக்கும் அடித்த அன்று 14 அடி. கார்த்திகை வெள்ளம் வடிந்து ஐந்தாம் நாள் அளந்தபோதும் 14 அடி.