புலம்பெயர்வுக் கொள்கை ஆய்வில் இன்டர்ன்ஷிப்: விண்ணப்பிப்பது எப்படி?

அவினாசியில் இருந்துகொண்டு இத்துறையில் இன்டர்ன்ஷிப்புக்கு விண்ணப்பித்த முதல் ஆண்டு தோற்றேன், மறு ஆண்டு இடம் கிடைத்தது. இரண்டுக்கும் நடுவே நான் மாற்றிக்கொண்டவற்றையே இங்கே வரிசையாக எழுதுகிறேன். ரெஸ்யூமே தயாரிப்பது, இணையப் படிவத்தை நிரப்புவது போன்றவை உங்களுக்கே தெரியுமாதலால் அவற்றை விட்டுவிடுகிறேன்.

முதல் வேலை, இத்துறையில் ஆய்வு நடக்கும் இடங்களை அறிந்துகொள்வது. திருவனந்தபுரத்தின் வளர்ச்சி ஆய்வு மையம் 1998 முதல் கேரளப் புலம்பெயர்வு ஆய்வுகளை நடத்திப் பெயர் பெற்றது. மும்பையில் பன்னாட்டு மக்கள்தொகை ஆய்வு நிறுவனமும், நொய்டாவில் வி.வி.கிரி தேசியத் தொழிலாளர் நிறுவனமும், சென்னையில் எம்.ஐ.டி.எஸ். எனப்படும் சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனமும் இருக்கின்றன. களப்பணியோடு ஆய்வும் செய்ய விரும்புவோர் புலம்பெயர் தொழிலாளர்களுக்காக இயங்கும் தொண்டு நிறுவனமான உதய்ப்பூரின் ஆஜீவிகா பீரோவைக் கவனிக்கலாம். இவற்றுள் எது எப்போது ஆள் எடுக்கிறது என்பதை அவரவர் தளத்தில்தான் பார்க்க வேண்டும். பத்து இடங்களுக்கு ஒரே கடிதத்தை அனுப்புவதைவிட, எந்த இரண்டு இடங்களின் அறிக்கைகளை உண்மையில் படித்திருக்கிறீர்களோ அவற்றுக்கு மட்டும் அனுப்புவது நல்லது என்பது என் கருத்து.

அடுத்தது ஆய்வுக் கேள்வி. நான் இடறி விழுந்தது இங்கேதான். முதல் ஆண்டுக் கடிதத்தில், வடமாநிலத் தொழிலாளர்களின் துயரம் என்னை உறுத்துகிறது என்று ஒரு பக்கத்துக்கு உருகி எழுதி, திருப்பூரில் அவர்கள் இத்தனை இலட்சம் பேர் என்று நாளிதழில் கண்ட எண் ஒன்றையும் சேர்த்திருந்தேன். தொலைபேசி நேர்காணலில் நிறுவனத்தார் கேட்ட முதல் கேள்வி, "இந்த எண் எந்த வரையறைப்படி வந்தது?" என்பது. வரையறை என்று ஒன்று இருப்பதே எனக்கு அப்போதுதான் தெரியும்.

மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, ஒருவர் பிறந்த இடத்தையும் கடைசியாக வசித்த இடத்தையும் கேட்டுப் புலம்பெயர்வைக் கணக்கிடுகிறது. 2011 கணக்கெடுப்பில் இப்படி வந்த 45 கோடிக்கு மேற்பட்டோரில் பெண்களே அதிகம். அவர்களுள் பெரும்பாலோர் திருமணத்தால் இடம் மாறியவர்கள். கோபியிலிருந்து அவினாசிக்கு வாழ்க்கைப்பட்டு வந்த என் அம்மாவும் அந்தக் கணக்கில் ஒருவர். மாறாக, 2007-08 தேசிய மாதிரி ஆய்வு, வேலைக்காக ஒரு மாதத்துக்குக் குறையாமலும் ஆறு மாதத்துக்குள்ளும் ஊரைவிட்டு வெளியே தங்கியவர்களைக் குறுங்காலப் புலம்பெயர்ந்தோர் என்று தனியே எண்ணியது. தன்பாத்–ஆலப்புழா எக்ஸ்பிரஸில் வந்து இறங்கி, நான்கு மாதம் பனியன் கம்பெனியில் செக்கிங் பார்த்துவிட்டு, பீகார் பக்கத்துப் பண்டிகையான சத் பூஜைக்கு ஊர் திரும்பி, பிறகு வேறொரு கம்பெனிக்கு வருபவர் எந்தக் கணக்கில் விழுவார், எதில் விடுபடுவார் என்று கேட்டுப் பார்த்தால், ஆய்வுக் கேள்வி என்பது எப்படிப் பிறக்கிறது என்பது விளங்கும்.

சட்டத்திலும் இதே சிக்கல் உண்டு. 1979ஆம் ஆண்டின் மாநிலங்களுக்கிடையிலான புலம்பெயர் தொழிலாளர் சட்டம், ஒப்பந்ததாரர் மூலம் அழைத்து வரப்பட்டவர்களையே முதன்மையாகக் கருத்தில் கொண்டது; தாமாகவே ரயிலேறி வந்து வேலை தேடிக்கொண்டவர்களையும் 2020ஆம் ஆண்டின் தொழில்சார் பாதுகாப்புச் சட்டத் தொகுப்புதான் வரையறைக்குள் கொண்டுவந்தது. எங்கள் தெருவில் லைன் வீடுகளை வாடகைக்கு விட்டிருக்கும் ஓர் அம்மாவிடம் இதைப் பற்றிப் பேச்சுக் கொடுத்தபோது, "காண்ட்ராக்டர் கூட்டிட்டு வந்தது மொத ரெண்டு பேரத்தான் கண்ணு, மத்தவங்களெல்லாம் அவங்க போன் பண்ணி வந்தவங்க" என்றார். மறு ஆண்டு என் விண்ணப்பம் இந்த ஒரு வாக்கியத்தில்தான் தொடங்கியது. அவர் பெயரையும் தெருவின் பெயரையும் எழுதவில்லை, நீங்களும் எழுதாதீர்கள்.

கேள்வி அமைந்துவிட்டால், விண்ணப்பத்தோடு அனுப்ப வேண்டிய எழுத்து மாதிரி எளிது. இரண்டு பக்கம் போதும்: கேள்வி, ஏற்கெனவே உள்ள தரவு சொல்வது, அது சொல்லாமல் விடுவது, மூன்று மாதத்தில் நீங்கள் செய்யக்கூடியது. மேற்கோள்களைக் கையால் தட்டச்சு செய்து தவிக்காமல், அவற்றைத் தொகுத்துத் தரும் ஜொடேரோ மென்பொருளைப் பயன்படுத்துங்கள். இலவசம், எனக்கு இதுவரை காலை வாரியதில்லை. மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் புலம்பெயர்வு பற்றிய டி தொடர் அட்டவணைகளைத் திறக்க லிப்ரே ஆபிஸ் கால்க் என்னும் விரிதாள் மென்பொருள் போதும். ரெஸ்யூமேக்கு, பக்கத்தை நெடுக்காக இரண்டாகப் பிரிக்கும் வண்ண வார்ப்புருக்களை நான் வெறுக்கிறேன். வெள்ளைத் தாளில் கறுப்பு எழுத்தே படிப்பவருக்கு எளிது.

கோப்புகளைப் பற்றி ஓர் எச்சரிக்கை. முதல் ஆண்டு என் களக்குறிப்புகளை டிடிபி கடையில் பாமினி எழுத்துருவில் அடித்து வாங்கி, வேர்டு கோப்பாகவே அனுப்பினேன். நிறுவனத்தாரின் கணினியில் அந்த எழுத்துரு இல்லாததால் தமிழ் முழுவதும் பொருளற்ற ஆங்கில எழுத்துகளாகத் தெரிந்திருக்கிறது. தமிழை யூனிகோடில் அடித்து, பிடிஎஃப் ஆக மாற்றி, வேறொருவர் கைப்பேசியில் திறந்து பார்த்த பிறகு அனுப்புங்கள்.

பரிந்துரைக் கடிதத்துக்குப் பேராசிரியரிடம் மூன்று வாரம் முன்னதாகவே போய், உங்கள் இரண்டு பக்கக் குறிப்பையும் கடைசித் தேதியையும் தாளில் எழுதிக் கொடுத்துவிடுங்கள். சில நிறுவனங்கள் கடிதத்துக்கான இணைப்பை நேரடியாக அவருடைய மின்னஞ்சலுக்கு அனுப்பும். அது ஸ்பேமில் கிடக்கக்கூடும் என்பதால் ஒருமுறை நினைவூட்டுவதில் தவறில்லை.

பிற்சேர்க்கை: பெருந்துறையிலிருந்து ஒரு வாசகர், இடம் கிடைத்த பிறகும் பருவத்தின் நடுவே என்பதால் கல்லூரி தடையின்மைச் சான்று தர மறுத்ததாக எழுதியிருந்தார். ஆகவே விண்ணப்பிக்கும் முன்பே துறைத்தலைவரிடம் பேசி, கோடை விடுமுறைக் காலத்தைக் கேட்டுப் பாருங்கள். இந்தி தெரியாதே என்று இன்னும் சிலர் தயங்கியிருந்தார்கள். எனக்கும் தெரியாது, வீட்டு உரிமையாளர்கள், கம்பெனி மேலாளர்கள், மளிகைக் கடைக்காரர்கள் ஆகியோரிடம் நம் பேச்சில் பேசித் தகவல் பெற முடியும் என்பதைத்தான் நான் விண்ணப்பத்தில் எழுதினேன். உதவித்தொகை உண்டா என்பதை, இடம் கிடைத்ததும் ஒப்புதல் அனுப்பும் முன் மின்னஞ்சலிலேயே கேட்டுவிடுங்கள். கூச்சப்பட்டுக் கேட்காமல் விட்டதால் நான் முதல் மாத வாடகைக்கு அண்ணனிடம் கடன் வாங்க நேர்ந்தது.