‘இம்ப்ளிகேட்’ என்னும் ஆங்கில வினைச்சொல்: பொருளும் பயன்பாடும்

ஆங்கில நாளேடுகளின் அரசியல் பக்கத்திலும் நீதிமன்றச் செய்திகளிலும் அடிக்கடி வரும் இந்த வினையைத் தவறாகப் புரிந்துகொண்டால், குற்றம் நிரூபிக்கப்படாத ஒருவரைக் குற்றவாளி என்றே எழுதிவிட நேரும். ஆகவே இதைப் படிப்படியாகப் பார்ப்போம்.

முதற்படி, பொருளைச் சரியாகப் பிடித்துக்கொள்வது. ஒரு குற்றத்திலோ முறைகேட்டிலோ ஒருவருக்குப் பங்கு இருக்கக்கூடும் என்று காட்டுவதே ‘இம்ப்ளிகேட்’. காட்டுவதோடு இதன் வேலை முடிந்துவிடுகிறது. நிரூபிப்பது இதன் வேலை அன்று. ‘அந்த ஊழலில் அவர் பெயரும் அடிபடுகிறது’ என்று நாம் சொல்வது இதற்கு மிக அருகில் வருகிறது. ஆனால் வெறும் வதந்தியிலும் ஒருவர் பெயர் அடிபடலாம். ‘இம்ப்ளிகேட்’ வரும் இடத்தில் பெரும்பாலும் ஒரு சாட்சியமோ ஆவணமோ தடயமோ இருக்கும்.

அடுத்து, வாக்கியத்தின் எழுவாயைக் கவனியுங்கள். மனிதர் மட்டுமல்லாமல் கைரேகை, கடிதம், வங்கிக் கணக்கு, ஒலிநாடா ஆகியவையும் ஒருவரை ‘இம்ப்ளிகேட்’ செய்யலாம். எதிர்க்கட்சி அலுவலகத்தில் நடந்த அத்துமீறலையும் அதை மூடிமறைத்ததையும் பற்றிய, அமெரிக்காவின் வாட்டர்கேட் விவகாரம் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. வெள்ளை மாளிகையின் சட்ட ஆலோசகராக இருந்த ஜான் டீன், 1973 ஜூனில் செனட் குழுவின் முன் அளித்த சாட்சியத்தில், உண்மையை மூடிமறைக்கும் முயற்சியில் அதிபர் நிக்சனுக்கும் பங்கு உண்டு என்றார். இதை ஆங்கிலத்தில் ‘டீன் இம்ப்ளிகேட்டட் நிக்சன் இன் தி கவர்-அப்’ என்று எழுதுவர். 1974 ஆகஸ்டில் வெளியான ஒலிநாடாவும் அவ்வாறே நிக்சனைச் சிக்கவைத்தது. அவர் பதவி விலகினார். ஆயினும், அடுத்து அதிபரான ஃபோர்டு செப்டம்பரில் மன்னிப்பு வழங்கிவிட்டதால், எந்த நீதிமன்றமும் அவரைக் குற்றவாளி என்று தீர்ப்பளிக்கவில்லை. ஆகவே அவரைப் பற்றி ‘இம்ப்ளிகேட்டட்’ என்று எழுதுவது சரி, ‘கன்விக்டட்’ என்று எழுதுவது பிழை.

மூன்றாவது, வாக்கிய அமைப்பு. இதற்குப் பின் ‘இன்’ என்னும் முன்னிடைச்சொல் வரும். ‘ஹீ வாஸ் இம்ப்ளிகேட்டட் இன் தி ஸ்கேண்டல்’ என்பது போன்ற செயப்பாட்டு வாக்கியங்களே மிகுதி.

நான்காவது படி, இதைப் போன்ற பிற வினைகளிலிருந்து இதைப் பிரித்தறிவது. இங்கேதான் தொடக்கநிலை மாணவர்கள் அதிகம் தடுமாறுகிறார்கள். ‘அக்யூஸ்’ என்றால் ஒருவர் மீது நேரடியாகக் குற்றம் சாட்டுவது. அதற்குப் பின் ‘ஆஃப்’ வரும், பொதுவாக மனிதரோ அமைப்போதான் அதைச் செய்ய முடியும். ‘இம்ப்ளை’ என்பதோ ஒரு கருத்தை மறைமுகமாகச் சொல்வது. அதன் செயப்படுபொருளாகக் கருத்துதான் வரும், ஆள் வரமாட்டார். ‘இம்ப்ளிகேட்’, ‘இம்ப்ளை’ ஆகிய இரண்டு வினைகளுக்கும் ‘இம்ப்ளிகேஷன்’ என்ற ஒரே பெயர்ச்சொல் இருப்பதும், இரண்டும் மடித்துச் சுற்றுதலைக் குறிக்கும் ஒரே லத்தீன் வேரிலிருந்து வந்திருப்பதும் இந்தக் குழப்பத்துக்குக் காரணம்.

அறிவியல் எழுத்தில் குற்றம் என்ற சாயல் நீங்கி, ஒரு நோயில் ஏதோ ஒன்றுக்குப் பங்கு இருப்பதாகத் தெரிகிறது என்ற பொருள் மட்டும் எஞ்சும். பிரேசிலில் 2015-இல் தலை சிறுத்துப் பிறந்த குழந்தைகளின் எண்ணிக்கை கூடியபோது, ஜிகா வைரஸுக்கும் அதற்கும் தொடர்பு இருக்கலாம் என்ற ஐயம் எழுந்தது. அந்தக் கட்டத்துக்கு ‘இம்ப்ளிகேட்டட்’ என்பதே பொருத்தமான சொல். 2016 ஏப்ரலில் அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் ஜிகாவே காரணம் என்று முடிவுசெய்து அறிவித்த பின்னர், ‘காஸஸ்’ என்று உறுதியாக எழுத வழி பிறந்தது.

இப்போது ஒரு பயிற்சி. ‘தி லெட்டர் இம்ப்ளிகேட்ஸ் டூ ஆபிசர்ஸ் இன் தி ஃபிராடு’ என்பதைத் தமிழாக்கிப் பாருங்கள். ‘இரண்டு அதிகாரிகள் மோசடி செய்ததைக் கடிதம் நிரூபிக்கிறது’ என்று எழுதியிருந்தால் மூலத்தை மீறிவிட்டீர்கள். ‘மோசடியில் இரண்டு அதிகாரிகளுக்குத் தொடர்பு இருக்கலாம் என்பதை அக்கடிதம் காட்டுகிறது’ என்பதே சரியான விடை.