ரோட்டில் அடிபட்டு ரத்தம் போகிறவருக்கு 108 வரும்வரை என்ன செய்யலாம்

விபத்து நடந்த இடத்தில் கூட்டம் கூடியதும் முதலில் எழும் குரல் "தண்ணி கொடுங்கப்பா" என்பதுதான். தயவுசெய்து கொடுக்காதீர்கள். ரத்தம் நிறையப் போனால் தாகம் எடுக்கும், அதுவே ஷாக்கின் (உறுப்புகளுக்குப் போதுமான ரத்தம் போய்ச் சேராத ஆபத்தான நிலை) அறிகுறி. ஆனால் குடித்த தண்ணீர் வாந்தியாகி மூச்சுக்குழாய்க்குள் இறங்கிவிடலாம். உதட்டை நனைத்துவிட்டால் போதும்.

"பேசுறாரே, ஒண்ணும் ஆகாது" என்றும் நம்ப வேண்டாம். பெரியவர்களின் உடம்பில் சுமார் 5 லிட்டர் ரத்தம் இருக்கும், அதில் ஒரு லிட்டர் போன பிறகும் பிரஷர் இறங்காமல் உடம்பு தாக்குப்பிடிக்கும், அதிலும் இளவயதுக்காரர்கள் கடைசிவரை நன்றாக இருப்பது போலவே தெரிவார்கள். அதனால் கையைத் தொட்டுப் பாருங்கள். சில்லென்று வியர்த்திருக்கிறதா, நாடி மெலிந்து வேகமாக ஓடுகிறதா, மேல்மூச்சு வாங்குகிறதா, உதடு வெளுத்து, ஆள் நிலைகொள்ளாமல் புரண்டு சம்பந்தமில்லாமல் பேசுகிறாரா? வெளியே காயமே தெரியாவிட்டாலும், உள்ளே ரத்தம் கசிகிறது என்றே வைத்துக்கொள்ளுங்கள். தொடை எலும்பு ஒன்று முறிந்தாலே ஒரு லிட்டர் உள்ளுக்குள் தேங்கிவிடும்.

ஒருவர் 108-ஐக் கூப்பிடட்டும், நீங்கள் ரத்தத்தை நிறுத்துங்கள். துண்டோ துப்பட்டாவோ, மடித்துக் காயத்தில் வைத்து, முட்டிபோட்டு, உங்கள் உடம்பின் எடை முழுவதும் உள்ளங்கை வழியாக இறங்கும்படி அழுத்துங்கள். துணி ஊறினால் அதன்மேலேயே இன்னொன்றை வையுங்கள். நின்றுவிட்டதா என்று எடுத்து எடுத்துப் பார்த்தால் உறைந்த ரத்தமும் பிய்ந்து வந்துவிடும். கை கால்களில் பீய்ச்சி அடிக்கிறது, அழுத்தியும் நிற்கவில்லை என்றால், காயத்துக்கு நான்கு விரல் மேலே, மூட்டைத் தவிர்த்து, அகலமான துணியால் கட்டி, குச்சி செருகி, ரத்தம் நிற்கும்வரை முறுக்குங்கள். வலியில் கத்துவார், நடுவில் தளர்த்தாதீர்கள். குத்தி நிற்கும் கம்பியைப் பிடுங்கவே கூடாது.

அசைக்காமல் மல்லாக்கப் படுத்திருக்கட்டும். ஆட்டோவில் மடக்கி உட்காரவைத்துக் கொண்டுபோவது கழுத்துக்கும் இடுப்புக்கும் ஆபத்து. வாந்தி எடுத்தால் தலை, கழுத்து, முதுகு ஒரே கோட்டில் இருக்கும்படி இரண்டு மூன்று பேர் சேர்ந்து பக்கவாட்டில் புரட்டுங்கள்.

அப்புறம் இந்த முகத்தில் சோடா அடிப்பது, அதுவும் வேண்டாம். உடம்பு குளிர்ந்தால் ரத்தம் சரியாக உறையாது, ஆகவே நம் ஊர் வெயிலிலும் நனைந்த சட்டையை நீக்கிப் போர்த்திவிட வேண்டும்.

போலீஸ், கேஸ் என்று ஒதுங்க வேண்டாம். 2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 134ஏ பிரிவு உதவுகிறவருக்குப் பாதுகாப்பு தருகிறது, பெயரைச் சொல்லச்சொல்லி வற்புறுத்த முடியாது. ஆம்புலன்ஸ் வந்ததும் விபத்து நடந்த நேரத்தையும் கட்டுப்போட்ட நேரத்தையும் சொல்லிவிடுங்கள். ஏனென்றால் ரத்தக்கசிவைக் குறைக்கும் டிரானெக்ஸாமிக் ஆசிட் ஊசியை அடிபட்ட 3 மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும்.