சமையலறைத் தீக்குப் பிறகு வீட்டைச் சீரமைப்பது எப்படி?

தீ அணைந்த மறுநாளே வாளித் தண்ணீரும் ஈரத்துணியுமாகச் சுவரைத் தேய்க்க இறங்கிவிடுகிறோம். கெடுதல் அங்கேதான் தொடங்குகிறது. புகைக்கரியில் எண்ணெய்ப் பசை உண்டு. ஈரத்தோடு தேய்த்தால் அது பூச்சுக்குள் இறங்கிவிடும். அதன்பின் எத்தனை கோட் பெயிண்ட் அடித்தாலும் மஞ்சள் கறை ஊறி மேலே வரும். கான்கிரீட் வீட்டில் சமையலறை எரிந்து, மற்ற அறைகளில் புகை படிந்திருந்தால் வேலையை இந்த வரிசையில் செய்யுங்கள்.

1. உள்ளே போகும் முன்

தீயணைப்புத் துறையினர் சரி என்று சொன்ன பிறகே உள்ளே நுழையுங்கள். மெயின் சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது. இன்வெர்ட்டர் இருந்தால் ஒயரில் மின்சாரம் ஓடிக்கொண்டேதான் இருக்கும். அதையும் எலக்ட்ரீஷியனை வைத்துத் துண்டியுங்கள். மீட்டர் பெட்டி கருகியிருந்தால் தொடாமல் தமிழக மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகத்துக்கு (94987 94987) சொல்லுங்கள். கேஸ் வாடை வந்தால் கேஸ் அவசர உதவி எண் 1906-ஐ அழையுங்கள். சூடு பட்ட சிலிண்டர், ரெகுலேட்டர், டியூப் எதையும் திரும்ப மாட்ட வேண்டாம், ஏஜென்சியே எடுத்துப் போகட்டும்.

என்95 மாஸ்க், ரப்பர் கையுறை, ஷூ மூன்றும் கட்டாயம். பிளாஸ்டிக் எரிந்த கரி நுரையீரலுக்கு நல்லதல்ல, துணியைக் கட்டிக்கொண்டால் அதைத் தடுக்காது.

2. எதையும் தூக்கிப் போடாதீர்கள்

எரிந்த பிரிட்ஜ்கூட இன்ஷூரன்ஸ் சர்வேயர் பார்க்கும்வரை அங்கேயே இருக்கட்டும். ஒவ்வொரு அறையையும் நான்கு மூலையிலிருந்து போட்டோ எடுங்கள். காவல் நிலையப் புகார் நகல், தீயணைப்புத் துறைச் சான்று இரண்டையும் வாங்கி வையுங்கள். தீக்குக் காரணம் கேஸ் என்றால் ஏஜென்சிக்கு உடனே எழுத்தில் தெரிவியுங்கள். எண்ணெய் நிறுவனங்களே பிரீமியம் கட்டும் விபத்துக் காப்பீடு ஒன்று பதிவு பெற்ற வாடிக்கையாளர்களுக்கு உண்டு. பலருக்கு இது தெரியாததால் கேட்காமலே விட்டுவிடுகிறார்கள்.

ரொக்கம் கருகியிருந்தால் பிரிக்க முயலாதீர்கள். லேசாகச் சேதமான நோட்டுகளை வங்கிக் கிளையிலேயே மாற்றலாம். தொட்டாலே உதிரும் அளவு கருகியவற்றை அப்படியே பெட்டியில் வைத்து ரிசர்வ் வங்கி அலுவலகத்துக்குத்தான் கொண்டுபோக வேண்டும்.

3. கூரையை நம்பலாமா?

இதில் அவசரப்படவே கூடாது. சமையலறைக்கு நேர் மேலே மொட்டைமாடித் தொட்டி இருந்தால் முதலில் காலி செய்யுங்கள். 1,000 லிட்டர் என்றால் ஒரு டன் எடை. பிறகு வாசற்படியில் நின்றபடி நீளக் கம்பால் தட்டி, தொங்கும் பூச்சை விழச் செய்யுங்கள்.

அடியில் தெரியும் கான்கிரீட்டைச் சுத்தியலால் மெல்லத் தட்டுங்கள். கணீரென்றால் நல்லது. பொத்தென்று ஒலித்தால் உள்ளே பிளந்திருக்கிறது. இளஞ்சிவப்பு நிறம் ஏறியிருந்தால் அந்த இடம் சுமார் 300 டிகிரி செல்சியஸைத் தாண்டியிருக்கிறது என்று பொருள். வலு குறையத் தொடங்குவதும் அந்த அளவில்தான், ஆறினாலும் அது திரும்பாது. கருங்கல் ஜல்லியில் இந்த நிறம் மங்கலாகவே தெரியும் என்பதால், சிவப்பு இல்லையே என்று நிம்மதி அடைய வேண்டாம். கம்பி வெளியே தெரிந்தாலோ ஸ்லாப் தொய்ந்திருந்தாலோ வெளியே வந்துவிடுங்கள். முட்டுக் கொடுப்பதிலிருந்து எல்லாம் ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் பொறுப்பு. கான்கிரீட்டின் வலுவைத் தட்டிப் பார்க்கும் ரீபவுண்டு ஹேமர் சோதனையும், தேவையானால் கோர் (உருளை வடிவத் துண்டு) எடுத்துப் பார்ப்பதும் அவர் முடிவு. சிமென்ட் பூசி மறைத்துவிடலாம் என்று மேஸ்திரி சொன்னால் கேட்காதீர்கள்.

4. முதலில் உலர் சுத்தம்

ஜன்னல்களைத் திறந்து வையுங்கள், மின்விசிறி வேண்டாம், கரியை வீடு முழுக்கப் பரப்பிவிடும். துடைப்பமும் அதையே செய்யும். நுண்தூசியையும் பிடிக்கும் ஹெப்பா பில்டர் உள்ள வாக்குவம் கிளீனரை, பிரஷ் சுவரில் அழுந்தாமல் சற்றுத் தள்ளிப் பிடித்து உறிஞ்சுங்கள். அடுத்து, ஆன்லைனில் ‘கெமிக்கல் ஸ்பாஞ்ச்’ என்று கிடைக்கும் உலர் ரப்பர் பஞ்சு. கூரையில் தொடங்கி, மேலிருந்து கீழாக ஒரே திசையில் இழுங்கள். முன்னும் பின்னும் தேய்க்கக் கூடாது. ஒரு பக்கம் கறுத்ததும் திருப்புங்கள், எல்லாப் பக்கமும் கறுத்தால் மேல்தோலைக் கத்தியால் சீவிவிட்டுத் தொடரலாம். நனைத்துவிட்டால் அந்தப் பஞ்சு பயன்படாது.

பிளாஸ்டிக் எரிந்த பிசுபிசுப்பான கரி இதற்கு மசியாது. நேராக அடுத்த படிக்குப் போங்கள்.

5. பிறகு ஈரச் சுத்தம்

10 லிட்டர் வெந்நீரில் 100 கிராம் சலவைச் சோடா, இரண்டு மூடி பாத்திரம் கழுவும் திரவம். இப்போது கீழிருந்து மேலாகக் கழுவுங்கள். மேலிருந்து தொடங்கினால் வழியும் அழுக்கு நீர் உலர்ந்த சுவரில் கோடு போடும், அந்தக் கோடு போவது கடினம். ஒரு சதுர மீட்டர் அளவாகக் கழுவி, உடனே நல்ல தண்ணீரால் துடையுங்கள். சுண்ணாம்பு, டிஸ்டெம்பர் சுவர்களைக் கழுவிப் பயனில்லை, சுரண்டி எடுத்துவிடுங்கள்.

பித்தளைக் குழாய், கீல், கிரில் ஆகியவற்றை முதல் நாளே துடைத்துவிடுவது நல்லது. பிவிசி எரிந்த புகை ஈரத்தோடு சேர்ந்தால் அமிலம். உலோகத்தைச் சீக்கிரமே அரித்துவிடும். அலுமினியச் சட்டத்தில் மட்டும் சோடா நீர் படவேண்டாம்.

6. ஒயரிங்

வீட்டு ஒயரின் பிவிசி உறை 70 டிகிரி வரைக்குமானது. எரிந்த அறை ஒயரை முழுதாக மாற்றுங்கள். மற்ற அறைகளுக்கு, ஒயர் உறையில் மின்கசிவு உண்டா என்று பார்க்கும் 500 வோல்ட் மெகர் சோதனை கேளுங்கள். 1 மெகா ஓமுக்குக் கீழே காட்டினால் அந்த ஒயரும் போக வேண்டியதுதான். சுவிட்ச் பெட்டிகளைத் திறந்து உள்ளே பார்க்கச் சொல்லுங்கள். அதோடு, மின்கசிவு வந்தால் தானே மின்சாரத்தைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி ஒன்றும் மாட்டிவிடலாம்.

7. பூச்சும் பெயிண்டும்

ஒயரிங் முடிந்ததும் பூச்சு. ஸ்குரூடிரைவர் பிடியால் சுவரைத் தட்டி, உள்ளீடற்ற ஒலி வரும் இடங்களைக் கொத்தி எடுத்து, ஒரு பங்கு சிமென்டுக்கு நான்கு பங்கு மணல் கலவையில் பூசி ஏழு நாள் தண்ணீர் விடுங்கள். நன்றாகக் காய நான்கு வாரம் பொறுங்கள். கரி படிந்திருந்த பழைய சுவருக்குத் தண்ணீரில் கரையும் பிரைமர் வேண்டாம், அது கறையைக் கரைத்து மேலே இழுத்துவரும். சால்வென்ட் வகைக் கறைதடுப்பு பிரைமரே தேவை. ஓர் ஓரத்தில் அடித்து இரண்டு நாள் பாருங்கள். மஞ்சள் ஊறினால் இன்னொரு கோட்.

எல்லாம் முடிந்தும் புகை நாற்றம் போகவில்லை என்றால் சாம்பிராணி போட்டுப் பயனில்லை. பரணின் மேல்தளம், எக்ஸாஸ்ட் விசிறியின் துளை, அலமாரியின் பின்பலகை, ஏசியின் உள்யூனிட் இவற்றில் ஏதோ ஒன்றில் கரி மிச்சம் இருக்கிறது. ஏசியைச் சர்வீஸ் செய்யும்வரை போடாதீர்கள்.